ரூட் கேனால்: முதல் வலியிலிருந்து கேப் போடும் வரை நோயாளிக்கான முழுமையான வழிகாட்டி

ரூட் கேனால் என்றதும் ஊசியையும் வலியையும் நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். பல் மருத்துவராக நான் பயப்படுவது வேறொன்றுக்கு. முதல் நாள் பல்லைத் திறந்து மருந்து வைத்ததும் வலி நின்றுவிடும். வலி நின்றதும் நோயாளியும் வருவதை நிறுத்திவிடுவார். மாதங்கள் கழித்து முகம் வீங்கியோ பல் இரண்டாகப் பிளந்தோ திரும்பி வருவார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை அப்போது எடுத்துவிட வேண்டியிருக்கும்.

இந்தச் சிகிச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை வலியை வைத்து அளக்க முடியாது. ஒவ்வொரு படியும் எதற்காக என்று தெரிந்துவிட்டால் நடுவில் விட மனசு வராது. அதனால் நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. எந்த மாதிரி வலி என்று முதலில் கவனியுங்கள்

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் ரத்தக் குழாய்களும் நரம்பும் நிறைந்த மெத்தென்ற பற்கூழ். இந்தக் கூழ் மெல்லிய குழாய்களாக வேர் நுனி வரை இறங்குகிறது. சொத்தை ஆழமாகிக் கிருமி கூழை எட்டியதும் அது வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. உள்ளே அழுத்தம்தான் ஏறும். ராத்திரி படுத்ததும் பல் தெறிப்பது இதனால்தான். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுகிறது.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில வினாடிகளில் அடங்கிவிட்டால் கூழ் இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். தண்ணீர் விலகிய பிறகும் வலி நிற்காமல் இழுத்தால், சும்மா இருக்கும்போதே வலித்தால், தூக்கத்தைக் கெடுத்தால், சூடான காபி பட்டு உச்சிக்கு ஏறினால், கூழ் தேறாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். கெட்ட கூழை எடுத்து, வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனால் என்கிற வேர் சிகிச்சைப் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது நிலைதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பல நாள் துடித்த பல் ஒருநாள் திடீரென்று அமைதியாகும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். உள்ளே கூழ் செத்துப்போயிருக்கும். வலியைச் சொல்ல நரம்பு இல்லை. கிருமி மட்டும் வேர் நுனி வழியாக எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கடித்தால் வலி, அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பது போன்ற உணர்வு, ஈறில் கொப்புளம் வந்து சீழ் வடிந்து மறுபடி கிளம்புவது எல்லாம் அடுத்து வருபவை.

வலி எப்போது தொடங்கியது, எது பட்டால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கடிக்கும்போது வலிக்கிறதா, மாத்திரைக்குக் கேட்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பல் என்று காட்டத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கூழின் வலிக்கு இடம் காட்டத் தெரியாது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் வலி மேல்பல்லிலும் காதிலும் தெரியும். ஆனால் ஒரு பக்கத்து வலி நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகாது. நீங்கள் ஒரு பல்லைக் காட்டியும் மருத்துவர் பக்கத்துப் பற்களையெல்லாம் தட்டிப் பார்ப்பது இதனால்தான்.

2. போகும் வரை இவற்றைச் செய்யாதீர்கள்

மருந்துக்கடையில் "பல்வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது முதல் தவறு. விழுங்கும் மருந்து ரத்தம் போகும் இடத்துக்குத்தான் போகும். செத்த கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. வெளியே வீக்கம் கொஞ்சம் வடியலாம். கிருமியின் இருப்பிடம் அப்படியே இருக்கும். பல்லுக்கு நேரடிச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில், நோய் எதிர்ப்புச் சக்தி குறையாத பெரியவர்களுக்குப் பெரும்பாலான பல்வலியில் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது மருத்துவரே எழுதித் தருவார்.

கிராம்புத் தைலம் ஒரு சொட்டு பஞ்சில் தொட்டுச் சொத்தைக் குழியில் வைத்தால் சற்று நேரம் மரத்துப்போகும். அதையே ஈறில் ஊற்றினால் தோல் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோரம் அடக்கிக்கொள்பவர்களுக்கும் இதே கதிதான்: வெள்ளையாகப் புண்ணாகி, பல்வலியோடு அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

கன்னம் வீங்கியிருந்தால் சூடு ஒத்தடம் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள்.

வலி மாத்திரை போடுவதில் தப்பில்லை. முதல் சோதனை நாளில் மட்டும், என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மாத்திரையின் வேகத்தில் கெட்ட பல்லும் தட்டினால் பேசாமல் இருக்கும். தவறான பல்லைத் திறக்க அது காரணமாகக் கூடாது.

3. நாற்காலியில் உட்காரும் முன் சொல்ல வேண்டியவை

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆபரேஷன் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மயக்க ஊசி கிடையாது, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிதான். பசியும் பயமும் சேர்ந்தால் ஊசி போட்டதும் தலைசுற்றி விழுவார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் அன்றைக்கு என்று நிறுத்த வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லுங்கள், தாங்களாக நிறுத்தாதீர்கள். வேர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் அதை நிறுத்தத் தேவையே வராது. நிறுத்தினால் இதயத்துக்கு வரும் ஆபத்து பெரியது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் ஒரு வேளை ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஆன்டிபயாடிக் உண்மையாகவே வேண்டிய இடம் இது.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுப்படுத்தும் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பலர் அதைப் பல் மருத்துவரிடம் சொல்வதில்லை. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். சம்பந்தம் உண்டு. அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட வேர் சிகிச்சையே பாதுகாப்பு.

கர்ப்பிணிகளுக்கு 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம். ஆனால் சீழ் கோத்த பல்லோடு பிரசவம் வரை காத்திருக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். பல் எக்ஸ்ரேயின் கதிரளவு மிகக் குறைவு, அதுவும் வாய்ப்பக்கம் மட்டும்தான் படுகிறது.

பென்சிலினோ ரப்பரோ ஒவ்வாதவர்கள் அதையும் சொல்லுங்கள். ரப்பர் எதற்கு என்பது 6-ஆம் படியில் வருகிறது.

4. சோதனை முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி

"ரூட் கேனால் எவ்வளவு ஆகும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியது: "இந்தப் பல்லுல கேப் நிக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கா?"

வேருக்குள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பைப் பிடித்துக்கொள்ள ஈறுக்கு மேலே நல்ல பல் இல்லாவிட்டால் அத்தனையும் வீண். மருத்துவர் ஐஸ் குச்சி வைப்பதும், தட்டுவதும், ஈறைச் சுற்றி மெல்லிய கம்பியால் ஆழம் பார்ப்பதும், எக்ஸ்ரே எடுப்பதும் இரண்டு விஷயங்களுக்காக: கூழ் எந்த நிலையில் இருக்கிறது, பல் மிஞ்சுமா. வேர் நீளவாக்கில் பிளந்திருந்தாலும், சுற்றியுள்ள எலும்பு ஈறு நோயால் பெருமளவு கரைந்திருந்தாலும் பல்லை எடுத்துவிடுவதே நேர்மையான யோசனை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயம் வேண்டாம். பார்வை நரம்புக்கும் பல் நரம்புக்கும் தொடர்பில்லை.

செலவைக் கேட்கும்போது மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். வேர் சிகிச்சைக்கு எவ்வளவு, மேலே கட்டும் அடைப்புக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு. முதல் தொகையை மட்டும் கேட்டுச் சம்மதித்தவர்கள்தான் கேப் போடும் கட்டத்தில் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று போகிறார்கள். கேப் இல்லாமல் விட்ட கடைவாய்ப் பல் பிளந்தால் முன்பு கொடுத்த பணமும் போய்விடும்.

வளைந்த வேர், சுண்ணாம்பு படிந்து குறுகிய குழாய், ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கெட்ட பல் என்றால், வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்த நிபுணரிடம் போவது நல்லது. பணம் தட்டுப்பாடு என்றால் பல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் தனியாரிடம் ஆகும் செலவைவிடக் குறைவாகவே ஆகும். பயிற்சி மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் தடவைகள் கூடும், ஒவ்வொரு தடவையும் நேரம் எடுக்கும். அதற்குத் தயாராகப் போங்கள்.

5. ஊசி

மேல்பல்லுக்குப் பல்லின் பக்கத்திலேயே போடுவார்கள். கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு வாயின் பின்பக்கம், தாடைக்குள் நரம்பு நுழையும் இடத்தில் போட வேண்டும். கீழ்த்தாடையின் வெளி எலும்பு கெட்டி, மருந்து ஊடுருவாது. அதனால்தான் ஒரு பல்லுக்குப் போட்ட ஊசியில் பாதி உதடும் பாதி நாக்கும் மரத்துப்போகின்றன.

மருத்துவர் "உதடு தடிச்சாப்ல இருக்கா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஆமாம் போடாதீர்கள். உதடு மரத்தும் பல்லுக்குள் வலிப்பது உண்டு. கடுமையாக அழன்ற கீழ்க்கடைவாய்ப் பல்லில் இது அடிக்கடி நடக்கும். மருந்து கெட்டுப்போனதாலோ உங்கள் உடம்பு கோளாறாலோ வருவதில்லை. அழற்சியில் இருக்கும் நரம்பு லேசில் அடங்காது. பல்லைச் சுற்றியோ, திறந்த பின் கூழுக்கு உள்ளேயோ இன்னொரு ஊசி போட்டு அடக்குவார்கள்.

தொடங்கும் முன்பே கை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய சிகிச்சையல்ல இது. பொறுத்துக்கொண்டவர்கள் அடுத்த தடவை வருவதில்லை.

சிகிச்சை நாளில் ஒரு மணி நேரம் முன்பு ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு, ஊசி நன்றாகப் பிடிப்பதற்காக. அவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

6. ரப்பர் டேம்

பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் மெல்லிய ரப்பர் விரிப்பு இது. மூச்சு முட்டுமோ என்று பலர் மறுத்துவிடுகிறார்கள். மூக்கால் மூச்சு விட்டால் போதும், எச்சிலையும் விழுங்கலாம். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் சொல்லி நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் இரண்டு. எச்சிலில் கிருமி இருக்கிறது. சுத்தம் செய்யும் குழாய்க்குள் எச்சில் வடிந்தால் செய்த வேலை பாழ். இரண்டாவது, உள்ளே ஓட்டும் ஃபைல்கள் 21, 25, 31 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசி போன்ற கம்பிகள். கை நழுவினால் தொண்டைக்குள் போகும், நுரையீரலுக்கும் போகலாம். போடாமல் செய்யும் இடங்கள் நம் ஊரில் நிறைய. "ரப்பர் டேம் போடுவீங்களா, டாக்டர்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

7. திறப்பது, அளப்பது, கழுவுவது

நேரம் அதிகம் எடுக்கும் கட்டம் இதுதான். சிகிச்சை நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கே தீர்மானமாகிறது.

முதலில் சொத்தை முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் கூழறையைத் திறக்க வேண்டும். சொத்தையை விட்டுவைத்தால் அங்கிருந்து கிருமி உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். திறந்ததும் குழாய் வாய்களைத் தேடுவார்கள். முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒன்று. கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு 3 அல்லது 4. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு 3 வேர்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலானோருக்கு 4 குழாய். அந்த நான்காவது குழாய் மிகச் சிறியது, ஒளிந்திருக்கும். தேடாமல் விட்டால் மற்ற மூன்றில் செய்த வேலையையும் அது கெடுத்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியோ நுண்ணோக்கியோ வைத்துத் தேடும் மருத்துவர் நேரம் கடத்துகிறார் என்று நினைக்காதீர்கள்.

பிறகு நீளம் அளப்பார்கள். உதட்டோரம் ஒரு கொக்கியை மாட்டி, குழாய்க்குள் ஃபைலை இறக்கும்போது ஒரு சிறு கருவி பீப் என்று சத்தம் போடும். மின்தடை மாறுவதை வைத்து வேர் நுனியைக் கண்டுபிடிக்கும் கருவி அது, ஷாக் அடிக்காது. ஃபைல் உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். குறைந்தால் கிருமி மிச்சமாகும், தாண்டினால் எலும்பு புண்ணாகும். "எத்தனை எக்ஸ்ரேதான் எடுப்பாங்க?" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இந்த ஒரு மில்லிமீட்டருக்காக.

ஃபைல்கள் குழாயை அகலப்படுத்துகின்றன. தொடக்கத்தில் இறக்கும் 10-ஆம் எண் ஃபைலின் நுனி 0.1 மில்லிமீட்டர்தான், அதிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்குவார்கள். ஆனால் குழாய் உருளையாக இருப்பதில்லை. கிளைகளும் மூலைமுடுக்குகளும் உண்டு, ஃபைல் அங்கெல்லாம் போகாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல் விட்டுக் கழுவுகிறார்கள். அது கிருமியைக் கொல்வதோடு செத்த கூழையும் கரைக்கும். பிளீச்சிங் பவுடர் வாசம் வருவது இதனால்தான். தொண்டையில் அந்தச் சுவை தெரிந்தாலோ, திடீரென்று கடுமையாக எரிந்தாலோ உடனே கையை உயர்த்துங்கள். கரைசல் பல்லுக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும்.

8. ஒரே நாளா, பல தடவையா

கூழ் உயிரோடு இருந்து, வீக்கமோ சீழோ இல்லாவிட்டால் ஒரே நாளில் முடிக்கலாம். சீழ் வடிந்துகொண்டிருந்தால், குழாய் காயாவிட்டால், நேரம் போதாவிட்டால் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். கடுமையான காரத்தன்மையால் மிச்சமிருக்கும் கிருமியைக் கொல்ல அந்த மருந்துக்கு நாட்கள் வேண்டும். ஒரே நாளில் முடிப்பவர் திறமைசாலி, இழுப்பவர் காசு பார்ப்பவர் என்ற கணக்குத் தப்பு. பல்லின் நிலைதான் நாளைத் தீர்மானிக்கிறது.

இந்த இடைவெளியில்தான் அதிகமான பற்களை நாம் இழக்கிறோம். வலி போய்விட்டது, மேலே ஏதோ அடைத்திருக்கிறது, கல்யாணம் வருகிறது, பிள்ளைக்குப் பரீட்சை. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். பிறகு ஓரத்தில் எச்சில் கசியும். உள்ளே சுத்தம் செய்த குழாய்க்குக் கிருமி திரும்பிவிடும். நரம்பு இல்லாததால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லப்பட்ட நாளில் வர முடியாவிட்டால் போன் செய்து, எத்தனை நாள் தள்ளலாம் என்று கேட்டு வேறு நாள் வாங்குங்கள்.

அடைப்பு வைத்த முதல் ஒரு மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள். அதற்குப் பிறகும் மரப்பு முழுசாக விலகும் வரை சாப்பிட வேண்டாம். உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. குழந்தைகள் விஷயத்தில் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கேப் போடும் வரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை, கறி எலும்பு எதுவும் கூடாது. அடைப்பு மேலாகக் கொஞ்சம் தேய்வது இயல்பு, முழுதாகப் பெயர்ந்து விழுந்தால் அன்றே சொல்லுங்கள்.

9. வேரை அடைப்பது

தட்டினால் வலி இல்லை, சீழ் இல்லை, குழாய் காய்ந்திருக்கிறது என்றால் அடைக்கலாம். மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்ற பொருளாலான மெல்லிய குச்சிகளைப் பசையோடு சேர்த்து நுனி வரை இறுக்கி நிரப்புவார்கள். காலி இடம் விட்டால் திசுநீர் கசிந்து அங்கே கிருமி மறுபடி வளரும்.

முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேருக்குள் வெள்ளைக் கோடு இடைவெளி இல்லாமல் நுனிக்கு அருகே வரை போயிருக்க வேண்டும். பார்த்துப் பழக்கமில்லாதவருக்கும் இது தெரியும்.

10. முடிந்த பிறகு வரும் வலியில் எது இயல்பு, எது ஆபத்து

2, 3 நாள் கடித்தால் வலிப்பது இயல்பு. கூழ் இல்லாவிட்டாலும் பல்லைச் சுற்றியுள்ள சதையும் எலும்பும் உயிரோடு இருக்கின்றன, அவை ஆற நேரம் எடுக்கும். நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் அடைப்பு உயரமாக இருக்கிறது. போய் ராவிக்கொண்டால் பல நேரம் உடனே நிம்மதி கிடைக்கும்.

வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். சிறுநீரக நோய், வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் ஐபுபுரூஃபன் வகையைத் தொடக் கூடாது. கடையில் கிடைக்கும் பல கூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதோடு காய்ச்சல் மாத்திரை என்று தனியாகவும் பாரசிட்டமால் போட்டால் அளவு மீறி ஈரல் கெடும். அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால், தாடைக்கு அடியில் கல் மாதிரி இறுகிப் பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், கூடவே காய்ச்சல் அடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கழுத்துக்குள் சீழ் இறங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். பல்லால் உயிர் போகும் அபூர்வமான வழி இது.

11. கேப்

வேர் சிகிச்சை செய்த பல் காய்ந்துபோவதால் உடைகிறது என்று சொல்வார்கள். முக்கியமான காரணம் அதைவிட எளிது: சொத்தைக்கும் திறப்புக்கும் பல்லின் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டோம். கூரை பிரித்த வீட்டில் மண்சுவர் மட்டும் நிற்பது போல நான்கு பக்கச் சுவர்கள் நிற்கின்றன. கடைவாயில் ஒரு கல்லைக் கடித்தால் சுவர் விரிந்து பிளக்கும். பிளவு வேருக்குள் இறங்கினால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை. கேப் அந்தச் சுவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிறது. முன்பல்லில் சிறு துளை மட்டும் என்றால் அடைப்பே போதும். கடைவாய்ப் பல்லுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை.

வரிசை இப்படி: முதலில் தற்காலிக அடைப்பை எடுத்துவிட்டு நிரந்தர அடைப்பு. பல் மிகக் குறைவாக மிஞ்சியிருந்தால் வேருக்குள் ஒரு தூண் வைப்பார்கள். அந்தத் தூண் பல்லுக்கு வலு சேர்ப்பதில்லை. அடைப்பைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். பிறகு பல்லைச் சுற்றிலும் ராவி அளவு எடுப்பார்கள். கேப் தயாராகி வரும் வரை தற்காலிகக் கேப். கடைசியில் பொருத்திக் கடிக்கச் சொல்லிச் சரிபார்த்து ஒட்டுவார்கள்.

உலோகம், உலோகத்தின் மேல் செராமிக், சிர்கோனியா என்று வகைகள் உண்டு. சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு உலோகக் கேப் நன்றாக உழைக்கும். பல்லையும் குறைவாக ராவினால் போதும். விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்துப் பணம் சேரும் வரை கேப்பைத் தள்ளிப்போடுவதைவிட, கையில் இருக்கும் பணத்துக்கு இன்று ஒன்று போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

கேப் போட்டுவிட்டால் சொத்தை வராது என்பதும் தப்பு. கேப்பின் ஓரம் ஈறோடு சேரும் இடத்தில் உணவு தங்கினால் அடியில் சொத்தை விழும். அந்தப் பல் கூசாது, வலிக்காது. பிரஷோடு, பல்லிடுக்கில் விட்டு எடுக்கும் ஃபிளாஸ் நூலும் அந்தப் பல்லுக்குத் தினமும் வேண்டும்.

12. வலியே இல்லாதபோதும் எக்ஸ்ரேக்குப் போங்கள்

சிகிச்சைக்கு முன் வேர் நுனியில் எக்ஸ்ரேயில் தெரிந்த கருப்பு வட்டம், எலும்பு கரைந்த இடம். கிருமி போனதும் எலும்பு மெல்ல வளர்ந்து அதை நிரப்பும். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். வட்டம் சுருங்கினால் ஆறுகிறது. முழுதாக மறையவில்லை என்றால் 4 வருடம் வரை பார்த்துக்கொண்டு வரலாம்.

வட்டம் பெரிதானாலோ ஈறில் கொப்புளம் திரும்பினாலோ, விடுபட்ட குழாய், கசிந்த அடைப்பு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று ஏதோ ஒன்று இருக்கும். அப்போதும் பல்லை எடுப்பது கடைசி வழிதான். பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி சுத்தம் செய்யலாம். உள்ளே தூண் வைத்ததால் அது முடியாது என்றால், ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி, பின்பக்கத்திலிருந்து அடைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. விரிசல் என்றால் மட்டும் இரண்டும் பலிக்காது.

அந்த நாள் வந்தால் உங்களுக்குச் சிகிச்சை செய்யப்போகிறவர் வேறு ஊரில், வேறு மருத்துவராக இருக்கலாம். அதனால் கேப் ஒட்டி முடிந்த அன்றே, சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த எக்ஸ்ரேக்களின் நகலைப் போனில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பல், எத்தனை குழாய், ஒவ்வொன்றின் நீளம் எவ்வளவு, என்ன கேப் என்று ஒரு சீட்டில் எழுதி, தேதியோடு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.